இரண்டடித் தொட்டிக்கு ஒரு விளக்கு

"சரி" என்றுதான் சொன்னார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. வெளியே எடுத்த பர்ஸை மடித்து மறுபடி பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு கடையின் அந்தக் கோடிக்குப் போய், ஏஞ்சல் மீன்கள் இருந்த தொட்டிக்கு முன்னால் குனிந்து நின்றுவிட்டார். தாட்சாயணிக்கு அவருடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. இஸ்திரி போட்ட நீலச் சட்டை, நடுவில் லேசாக வியர்வை ஊறியிருந்தது. முதுகை வைத்து ஒரு மனுஷனைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும்? அவள் தினமும் முதுகுகளைப் பார்க்கிறவள்தான். ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. நெஞ்சைப் பலகையோடு ஒட்டி நில்லுங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, ம், விடலாம். விலா எலும்பு தெரியும், தண்டுவடம் வளைந்திருந்தால் தெரியும், நெஞ்சில் சளி கட்டியிருந்தால் வெள்ளையாகப் புகைமூட்டம்போல் தெரியும். "சரி" என்று சொல்லிவிட்டுப் போகிற ஆளுக்குள் என்ன கட்டியிருக்கிறது என்பது எந்தப் படத்திலும் விழாது. என்ன சரி? எந்தச் சரி? உன் இஷ்டம்போல் செய் என்கிற சரியா, உன்னை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்கிற சரியா? கையிலிருந்த விளக்கு, இரண்டடி நீளத்தில் ஸ்கேல்போல் ஒல்லியான சாதாரண எல்.ஈ.டி., திடீரென்று கனத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. விடலாம் என்று சொல்ல யாருமில்லை.

இந்த ஆளோடு இந்தக் கடைக்கு வந்து நின்றதே ஒரு சாக்கு சொல்லப்போய் வந்த வினை. செங்குட்டுவன் என்று பெயர். லிப்ட் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியர், அம்பத்தூரில் வீடு, விவாகரத்து ஆகி நான்கு வருஷம். அவளுக்கும் ஆகிவிட்டது, மூன்று வருஷம். சிவகாமி அக்காவின் வீட்டுக்காரர் எங்கிருந்தோ தேடிக்கொண்டு வந்த சம்பந்தம். போன மாதம் ஒரு ஓட்டலில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டது. அவர் பெயருக்கு ஏற்ற ஆகிருதி இல்லை, ஒல்லியாக, காதோரம் நரைத்து, சாம்பாரை மட்டும் மூன்று தடவை கேட்டு வாங்கினார். அதற்குப் பிறகு அக்கா விடவில்லை. தனியா ஒரு தடவை பேசிப் பாருடி, கோயிலுக்குப் போங்க, பீச்சுக்குப் போங்க. ஞாயிற்றுக்கிழமை முடியாதுக்கா, எனக்கு வேலை இருக்கு, மீன் தொட்டிக்கு லைட் வாங்கக் கொளத்தூர் போகணும். அதோடு விட்டுவிடுவார்கள் என்று பார்த்தால் அன்று சாயங்காலமே அவரிடமிருந்து போன். "கொளத்தூர் எனக்குப் பக்கம்தாங்க, நானும் வரட்டுமா?" வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு எப்போதுமே சட்டென்று வாய் வருவதில்லை. இன்றைக்குத்தான் வந்தது. வரக்கூடாத நேரத்தில், கடை நடுவில், எல்லாரும் பார்க்க.

நடந்தது ஒன்றுமில்லை, திருப்பித் திருப்பி யோசித்தாலும் ஒன்றுமில்லை. கடைக்கார அம்மாள், பெயர் ஜெபமாலை என்று கல்லாவுக்குமேல் மாட்டியிருந்த லைசென்ஸில் போட்டிருந்தது, இரண்டு விளக்கை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒன்று இது, சாதாரண வெள்ளை. இன்னொன்று செடித் தொட்டிக்கென்றே செய்ததாம், சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை நாலும் கலந்து எரியும், ரிமோட் உண்டு, சூரியன் உதிக்கிற மாதிரி மெதுவாக ஏறுமாம், அஸ்தமிக்கிற மாதிரி இறங்குமாம். விலை நாலு மடங்கு. தாட்சாயணி சாதாரண விளக்கைக் கையில் எடுத்தாள். அவளுடைய தொட்டி இரண்டடிதான், அதில் எட்டுப் பத்துக் கப்பி மீனும் கொஞ்சம் நியான் டெட்ராவும்தான், வளர்க்கப்போவதும் அதிக வெளிச்சம் கேட்காத செடிகள்தான். வெளிச்சம் கூடினால் பாசிதான் மண்டும். இதையெல்லாம் வாரக்கணக்கில் வீடியோ பார்த்து யோசித்து முடிவுபண்ணிக்கொண்டு வந்திருந்தாள். அப்போதுதான் அவர் "நல்லதாவே வாங்கிக்குங்களேன், நான் வாங்கித் தர்றேன்" என்று பர்ஸை எடுத்தார். ஜெபமாலை அம்மாள் உடனே பிடித்துக்கொண்டாள். "வூட்டுக்காரரே வாங்கித் தர்றேங்கறாரு, உனக்கு இன்னாம்மா? அத்த எடுத்துக்க." வீட்டுக்காரர். அந்த வார்த்தை வந்து விழுந்த வேகத்தில் இவளுக்குக் காது சுட்டது. "வேண்டாம்" என்றாள். குரல் நினைத்ததைவிட உயரமாக வந்துவிட்டது. "எனக்கு இது போதும். என் தொட்டிக்கு நானே வாங்கிக்கறேன்." பக்கத்தில் தங்கமீன் வாங்கிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. அவர் அவளைப் பார்த்தார், அந்த விளக்கைப் பார்த்தார், "சரி" என்றார்.

அவள் பிரிந்து வந்த கருணாகரனும் அப்படித்தான் சொல்வான். அவனை 'அவன்' என்று மனசுக்குள் சொல்லிப் பழகவே அவளுக்கு ஒரு வருஷம் பிடித்தது. நாலு பேர் நடுவில் அவள் ஒன்றை வேண்டாம் என்று சொன்னாலோ, அவன் சொன்ன கலர் புடவையை விட்டுவிட்டு வேறு எடுத்தாலோ, அவனுடைய தங்கை வீட்டில் சாதம் போதும் என்று கையை மறித்தாலோ, சரி என்பான். சிரித்துக்கொண்டேகூடச் சொல்வான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பான், கை கால் கழுவுவான், பேப்பரை எடுத்துக்கொண்டு உட்காருவான், அவ்வளவுதான். அதற்கப்புறம் பேச்சு கிடையாது. காபி வைத்தால் குடிப்பான், சாப்பாடு போட்டால் சாப்பிடுவான், அவள் கேட்கிற கேள்வி மட்டும் அவனுக்கு எட்டாது. அவள் நிற்கிற இடத்தில் யாருமே இல்லாத மாதிரி பார்வை தாண்டிப் போகும். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். எதற்கென்று சொல்ல மாட்டான். தான் என்ன செய்தோம் என்று அவள் பின்னோக்கிப் போய்ப் போய்த் தேடுவாள், புடவையா, சாதமா, வாசலில் பக்கத்து வீட்டுக்காரரோடு சிரித்துப் பேசியதா. எல்லாவற்றுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்பாள். ஒரு நாள் காலையில் திடீரென்று, "துண்டு எங்க?" என்பான். அந்த ஒரு கேள்விக்காக அழுதிருக்கிறாள், சந்தோஷத்தில். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. பிரிந்து வந்தபோது சித்தி கேட்டாள், அடிச்சானா? இல்ல. குடிச்சானா? இல்ல. கத்துவானா? கத்தவே மாட்டான் சித்தி, அதுதான். அதுதான்னா என்னடி அர்த்தம், தங்கமான பிள்ளை, குரல் உசந்து நான் கேட்டதே இல்ல. சித்தி சொன்னதில் பொய் இல்லை. ஒருவரும் அவன் குரல் உயர்ந்து கேட்டதில்லை.

"செடி இன்னா வேணும்மா?" என்று ஜெபமாலை அம்மாள் கேட்டாள். செடி. ஆமாம், செடி. அயனாவரத்தில் அவள் இருப்பது தரைத்தள வீடு, ஜன்னலைத் திறந்தால் அடுத்த அபார்ட்மெண்டின் சுவர், பகலிலும் டியூப்லைட் போட வேண்டும். தனியாக வந்த புதிதில் வீடு அமைதியாக இருந்தால் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியாது. யாரோ பேசாமல் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கும். அதற்காகத்தான் தொட்டி வாங்கினாள், மீனுக்காகக்கூட இல்லை, காற்று மோட்டார் குளுகுளுவென்று விடாமல் பேசிக்கொண்டிருந்ததற்காக. தொட்டியோடு கொடுத்த நீல விளக்கில் மீன்களெல்லாம் காய்ச்சலில் கிடக்கிற மாதிரி தெரிந்தன. உள்ளே இருப்பவை பிளாஸ்டிக் செடிகள், அசையும், வளராது. வளர்கிற ஒன்று வேண்டுமென்று போன மாதம்தான் தோன்றியது, ஓட்டலில் இட்லி சாப்பிட்டதற்கு முன்பா பின்பா என்று யோசிக்க அவள் விரும்பவில்லை. "சுலபமா வர்றதா குடுங்க. வெயிலே வராத வீடு." அம்மாள் நீர் சொட்டச் சொட்ட ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டாள். அனுபியாஸ், தடித்த இலை, ரொம்ப மெதுவாக வளரும். ஜாவா ஃபெர்ன். இரண்டையும் மண்ணில் புதைக்கக்கூடாது, படுத்தாற்போல் இருக்கிற தண்டைப் புதைத்தால் அழுகிவிடும், ஒரு கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டிவிட்டால் அதுவாகப் பிடித்துக்கொள்ளும். வாலிஸ்னேரியா, புல் மாதிரி, ஒன்று வைத்தால் பத்தாகும். தாட்சாயணி தலையாட்டிக்கொண்டே இருந்தாள். காதில் பாதிதான் ஏறியது. கண் அந்தக் கோடிக்கே போனது. இன்னும் திரும்பவில்லை. ஏஞ்சல் மீனில் அப்படி என்ன இருக்கிறது, இவ்வளவு நேரம் பார்க்க? மீனைப் பார்க்கிறாரா, கண்ணாடியில் தெரிகிற என்னைப் பார்க்கிறாரா?

அவருடைய முதல் மனைவி டொரண்டோவில் இருக்கிறாளாம். இரண்டு பேரும் பேசி ஒத்துப்போய்ப் பிரிந்தார்களாம், சண்டை சச்சரவு ஒன்றுமில்லையாம், அக்கா வீட்டு மாமா அதைப் பெருமையாகச் சொன்னார். சண்டையே இல்லை என்றதும் தாட்சாயணிக்கு முதுகில் சில்லென்றது. சண்டையே இல்லாமல் ஒருத்தி எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும்? அந்தப் பெண்ணிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க முடிந்தால் போதும். அவர் சரி என்று சொன்ன பிறகு வீட்டில் என்ன நடக்கும்? அவ்வளவுதான் கேள்வி. பேர்கூடத் தெரியாத அந்தப் பெண் பனி பெய்கிற ஊரில் ஏதோ ஒரு ஜன்னலோரம் உட்கார்ந்து, பதில் சொல்லலாமா வேண்டாமா என்று இவளையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல் தோன்றியது. ஒருவேளை எதுவும் நடக்காதோ. ஒருவேளை சரி என்றால் வெறும் சரியாகவே இருக்கிற வீடுகளும் ஊரில் இருக்கும்தானே. அக்கா வீட்டில் மாமா சரி என்றால் அதோடு தீர்ந்தது, அடுத்த நிமிஷம் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பார். அப்படி இருக்கலாம். ஆனால் கருணாகரனும் முதல் ஆறு மாதம் அப்படித்தானே இருந்தான். பெண் பார்க்க வந்தபோது பஜ்ஜி நல்லா இருக்கு என்று அவளைப் பார்த்துச் சொன்னவன்தானே. "இதுல எதும்மா?" என்றாள் ஜெபமாலை அம்மாள் இரண்டாம் தடவை. தாட்சாயணி கையிலேயே ஃபெர்ன் இருந்தது, இலையின் அடிப்பக்கம் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளி. "இது என்ன, நோயா?" "அது குட்டிம்மா. இலையிலேர்ந்தே குட்டி போடும் அது."

அப்போதுதான் அவருடைய போன் அடித்தது. எடுத்து இரண்டு வார்த்தை கேட்டார், அடுத்த நொடி கடையே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். "கதவைத் திறக்காதய்யா! மாடிக்கும் மாடிக்கும் நடுவுல நிக்குது, கதவைத் திறந்து ஏறிக் குதிக்கச் சொல்றியா அவங்களை? எத்தனை தடவை சொல்லியிருக்கேன் பால்ராஜ் உனக்கு? மெயின் பவரை ஆஃப் பண்ணு முதல்ல, ஆஃப் பண்ணு!" தாட்சாயணி கையிலிருந்த ஃபெர்ன் தட்டில் நழுவி விழுந்தது. தோள் தானாகக் குறுகியது. அவரா கத்தியது? சாம்பார் கேட்ட குரலா இது? கழுத்து நரம்பு புடைத்திருந்தது, ஒரு கை காற்றை வெட்டியது. தங்கமீன் குடும்பம் தங்கமீனை மறந்துவிட்டது. கடைசியில், கடையில் எல்லாரும் தன்னைப் பார்ப்பது தெரிந்ததும், நெஞ்சில் கையை வைத்து மன்னிப்புக் கேட்பதுபோல் தலையசைத்துவிட்டு, பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார். இவளைப் பார்த்தாரா? பார்த்த மாதிரியும் இருந்தது, தாண்டிப் போன மாதிரியும் இருந்தது. அவளுக்குள் இரண்டு பயம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. ஒன்று கத்துகிற ஆளைப் பற்றியது, புதுசு, இன்னும் உருவம் பிடிக்காதது. இன்னொன்று பழசு, நன்றாகத் தெரிந்தது, அந்தச் சரியைப் பற்றியது. இவ்வளவு கத்தத் தெரிந்தவர் என்னிடம் மட்டும் ஏன் சரி என்றதோடு நிறுத்திக்கொண்டார்? கத்துவதைச் சேர்த்து வைத்துக்கொள்கிறாரா? பால்ராஜ் என்கிற ஆள்மேல் விழுந்தது பால்ராஜுக்குச் சேர வேண்டியதுதானா, இல்லை விளக்குக்குச் சேர வேண்டியதில் கொஞ்சம் அதில் கலந்ததா?

வெளியே வெயில் வெள்ளையாக அடித்தது. தெருவின் இரண்டு பக்கமும் மீன் கடைகள், தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பைகள் கயிற்றில் தொங்கின, ஒவ்வொன்றிலும் ஒரு சண்டை மீன் தன் பங்குத் தண்ணீரில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் நீலச் சட்டை தெரியவில்லை. போய்விட்டார். லிப்டை சாக்காக வைத்துக்கொண்டு போயே போய்விட்டார். ஒரு விநாடி அவளுக்கு நிம்மதியாக இருந்தது. தோள் இறங்கியது. அடுத்த விநாடி அந்த நிம்மதியைக் கிழித்துக்கொண்டு வேறொன்று வந்தது, ஏமாற்றம் என்று அதற்குப் பெயர் வைக்க அவளுக்குப் பிடிக்கவில்லை. சொல்லிவிட்டாவது போயிருக்கலாம். ஜெபமாலை அம்மாள் கடைசியாக ஒரு செடியைக் காட்டினாள், பழுப்பும் பச்சையுமாக அலையலையான இலை. கிரிப்டோ. "இது வெளிச்சமே கேக்காதும்மா. ஆனா ஒண்ணு, வச்ச ஒரு வாரத்துல இலையெல்லாம் கூழாட்டம் கரைஞ்சி போவும். பயந்துட்டுப் புடுங்கிப் போட்ராத. அல்லாரும் அதான் பண்றாங்க. எடம் மாத்துனா அது அப்டித்தான். வேரு உசுரோட இருக்கும், அதுவா வரும்." எத்தனை நாளில் வரும் என்று கேட்டாள் தாட்சாயணி. "அது உன் தண்ணியப் பொறுத்து. மூணு வாரம் ஆவும், ஒரு மாசம் ஆவும். தெனமும் நோண்டி நோண்டிப் பாக்காம இருந்தா சீக்கிரம் வரும்." வேண்டாம் என்றுதான் முதலில் சொல்ல நினைத்தாள். கண்ணெதிரே கரைவதை யார் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, இருக்கிற கவலை போதாதா? ஆனால் அந்த இலையின் நிறம், மழை நனைத்த மரப்பட்டை மாதிரி, கையை விட்டுப் போகவில்லை. இரண்டு எடுத்துக்கொண்டாள். ஃபெர்ன் ஒன்று, அனுபியாஸ் ஒன்று, ஒரு கட்டு வாலிஸ்னேரியா, சாதாரண வெள்ளை விளக்கு, அதற்கு ஒரு டைமர். ஒரு நாளைக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் எரியவிடாதே என்று அம்மாள் சொல்லிக்கொண்டே செடிகளை ஈரப் பேப்பரில் சுற்றிப் பையில் போட்டாள். தாட்சாயணி தன் பையிலிருந்து பணத்தை எடுத்து இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தாள், கொடுக்கக்கூடாததைக் கொடுக்கிற மாதிரி.

வெளியே வந்தால் அவர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்துக் கடைத் தகரக் கூரையின் நிழலில், போனைப் பார்த்தபடி. "ஆச்சுங்களா?" என்றார். "ம்" என்றாள். "லிப்ட்?" "எல்லாரையும் இறக்கியாச்சு. ஒரு பெரியம்மா மட்டும் பயந்து மயக்கமாயிட்டாங்களாம், தண்ணி தெளிச்சு உட்கார வச்சிருக்காங்க." அவ்வளவுதான். பையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார், பிறகு என்ன நினைத்தாரோ, கையை மடக்கிக்கொண்டார். மெயின் ரோடு வரைக்கும் சேர்ந்து நடந்தார்கள். அவர் பேசவில்லை. அவளும் பேசவில்லை. செருப்புச் சத்தம் கேட்டது, பக்கத்தில் போன ஆட்டோவின் ஹாரன் கேட்டது, பையிலிருந்து தண்ணீர் சொட்டி அவள் புடவையின் ஓரம் நனைந்தது. ஆரம்பித்துவிட்டது. இதோ, இதுதான். ஒரு மருந்துக் கடை போனது, ஒரு இறைச்சிக் கடை போனது, பேச்சு வரவில்லை. அந்தப் பழைய தேடல் அவளுடைய அனுமதி கேட்காமலே உள்ளே தொடங்கிவிட்டது. நான் வேண்டாம் என்று சொன்ன குரலா, 'என் தொட்டி' என்று சொன்னதா, வீட்டுக்காரர் என்ற வார்த்தைக்கு முகம் சுளித்தேனா? மன்னிப்பு நாக்கு நுனியில் வந்து தயாராக நின்றது, எத்தனையோ வருஷப் பழக்கம், சாரிங்க என்று ஒரு வார்த்தை, சொன்னால் முடிந்தது. எதற்கு சாரி? என் தொட்டிக்கு நான் விளக்கு வாங்கியதற்கா? கண் எரிந்தது, வெயில் என்று வைத்துக்கொள்ளலாம். இன்னும் பத்தடி நடந்தால் பஸ் ஸ்டாப். ஏறிப் போய்விடலாம், அக்காவிடம் ஒத்துவராது என்று சொல்லிவிடலாம், ஏன் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது, சரின்னு சொன்னார் அக்கா என்றா சொல்வது? அவள் நின்றுவிட்டாள். நடைபாதை நடுவில், பின்னால் வந்த ஆள் இடித்துக்கொண்டு போகும்படி நின்றுவிட்டாள்.

"என்மேல கோபமா?" என்று கேட்டாள்.

செங்குட்டுவன் திரும்பினார். கருணாகரனிடம் இதே கேள்வியை நூறு தடவை கேட்டிருப்பாள், பதில் எப்போதும் ஒன்றுதான், எனக்கென்ன கோபம். அதுதான் வரும், இப்போது வரும், வரட்டும், வந்தால் அப்படியே பஸ் ஏறிவிடலாம் என்று பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், வயிறு வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டால் தொட்டுப் பார்த்துக்கொள்கிறவர் மாதிரி. "ஆமாங்க" என்றார். "கொஞ்சம் கோபம்தான். உங்க மேல இல்ல…" நிறுத்தினார். "இல்ல, உங்க மேலதான். நாலு பேர் முன்னாடி பர்ஸை வெளிய எடுத்துட்டுத் திருப்பி உள்ள வச்சா ஒரு மாதிரி ஆயிடுதுங்க. அந்தம்மா வேற வீட்டுக்காரருன்னுட்டாங்களா, எனக்கு அங்க எங்க போய் நிக்கறதுன்னே தெரியல. அதான் மீனைப் பார்க்கற மாதிரி போய் நின்னேன்." தாட்சாயணி அவரையே பார்த்தாள். வார்த்தை ஒவ்வொன்றும் தனித்தனியாக உள்ளே போய், எதன் மேலும் மோதாமல், ஒரு இடத்தில் உட்கார்ந்தது. கோபம். ஆமாம். உங்கள் மேல். இதற்காக. இவ்வளவுதானா அது? கேட்டால் சொல்லிவிடக்கூடிய ஒன்றா அது? "அப்ப ஏன் சரின்னீங்க?" "உங்க தொட்டிதானேங்க? நீங்க போதும்னா போதும்தான். அது சரிதான். கோபம் தனியா வந்துச்சு." "எவ்வளவு நேரம் இருக்கும்?" "என்னது?" "கோபம்." அவர் முழித்தார், பிறகு சிரிப்பு வந்தது அவருக்கு. "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லைங்க. சாப்பிட்டா போயிடும்னு நினைக்கறேன். காலைல வெறும் டீதான் குடிச்சேன்."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிப்போடு விட்டுவிடக்கூடாது என்று எதுவோ அவளை உள்ளிருந்து பிடித்துத் தள்ளியது. இப்போது சொல்லவில்லை என்றால் பிறகு எப்போதும் சொல்ல வராது. முன்பின் தெரியாத கிணற்றில் குதிக்கிற மாதிரி, "எனக்கும் உங்க மேல கோபம்" என்றாள். "நீங்க போன்ல அப்படிக் கத்தினது எனக்குப் பிடிக்கல. நான் பயந்துட்டேன். கையில இருந்த செடியைக் கீழ போட்டுட்டேன்." சொல்லிவிட்டு முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. ஒரு மடிப்பு விழுந்தது புருவத்தில். "அங்க ஒரு உயிர் போயிருக்கும்ங்க" என்றார், கொஞ்சம் சூடாகவே. "அந்தக் கதவைத் திறந்திருந்தான்னா, அந்தப் பெரியம்மா காலை வெளிய வச்சிருந்தாங்கன்னா, கீழ மூணு மாடிப் பள்ளம். மெதுவா சொன்னா அவனுக்கு ஏறாது." "ஏறாதுன்னா கத்துங்க. நான் பக்கத்துல இருக்கறப்ப கத்தாதீங்க." "போன் வர்ற இடத்துலதானே பேச முடியும்?" "அப்புறமா வெளிய போனீங்கல்ல? முன்னாடியே போயிருக்கலாம்." ஒரு மீன்பாடி வண்டிக்காரர், ரோட்டை மறிச்சிக்கினு இன்னாம்மா பஞ்சாயத்து, ஓரமா போய் சண்ட போடுங்க என்று சத்தம் போட்டுக்கொண்டு போனார். இரண்டு பேரும் ஓரமாகப் போய் நின்றார்கள். "போயிருக்கலாம்" என்றார் செங்குட்டுவன். "அது நியாயம்தான். ஆனா ஒண்ணு சொல்லிடறேன், எனக்குக் கொஞ்சம் சத்தமான தொண்டைதான். அதை இல்லேன்னு சொல்லிட்டுப் பின்னாடி கத்திட்டு வந்து நிக்க மாட்டேன்."

பிறகு பக்கத்திலிருந்த மெஸ்ஸில் சாப்பிட்டார்கள். அங்கேயும் ஒரு தகராறு, அவள் தன் பங்குக் காசைத் தானே கொடுக்கிறேன் என்றாள், இதையாவது விடுங்க என்றார், விட்டுக்கொடுத்தாள், விட்டுக்கொடுத்தது ஏனோ உறுத்தவில்லை. செடிப் பை மேஜையடியில் ஈரமாகக் கிடந்தது. கிரிப்டோ கரையும் என்று சொன்னதை அவரிடம் சொன்னாள், காசு கொடுத்துக் கரையற செடியை வாங்குவாங்களா யாராவது என்றார், வேர் இருக்கும் என்றாள், பார்க்கலாம் என்றார். நம்பவில்லை அவர், முகத்திலேயே தெரிந்தது, அது அப்படியே வெளியில் தெரிந்தது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. உள்ளே இன்னும் எல்லாம் அடங்கிவிடவில்லை. இது முதல் நாள், முதல் நாளில் யாரும் எதையும் சொல்வார்கள், கழுத்து நரம்பு புடைத்ததை மறக்க முடியாது, டொரண்டோக்காரி இன்னும் பதில் சொல்லவில்லை. நினைப்பு சுற்றிச் சுற்றி வந்தது, ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் வழக்கமாக வந்து முட்டிக்கொள்கிற, நான் என்ன தப்புப் பண்ணினேன் என்கிற அந்த ஒரு இடத்தை இந்தத் தடவை முட்டிக்கொள்ளாமலே தாண்டிப் போனது. தாண்டிப் போனதை ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கவனித்தாள், அவர் பைக்கைக் கிளப்பிக்கொண்டு எதிர்த்திசையில் போன பிறகு.

மடியில் பையை வைத்துக்கொண்டு, இரண்டு பெண்களுக்கு நடுவில் நெருக்கி உட்கார்ந்திருந்தபோது அக்காவின் போன் வந்தது. ஆட்டோ இரைச்சலில் சிவகாமி அக்கா கத்தினாள். "என்னடி ஆச்சு? வந்தாரா? என்ன பேசினீங்க?" "சண்டை போட்டோம்க்கா" என்றாள் தாட்சாயணி. சொல்லும்போதே குரலில் என்னவோ பொங்கிக்கொண்டு வந்தது, அடக்க முடியவில்லை. "ஐயையோ. முதல் நாளேவா? நான் அப்பவே உங்க மாமாகிட்டச் சொன்னேன், விசாரிக்காம… ரொம்பப் பெரிய சண்டையாடி? அழறியா?" "அழல. அவர் அவருக்குக் கோபம்னு சொன்னார், நான் எனக்குக் கோபம்னு சொன்னேன்." "அப்புறம்?" "அப்புறம் சாப்பிட்டோம்." அக்காவுக்கு விளங்கவில்லை. எப்படி விளங்கும், மாமா சரி என்றால் வெறும் சரியாக இருக்கிற வீட்டில் வாழ்கிறவளுக்கு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் பையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் தன் காலில் விழுகிறது என்று நகரச் சொன்னாள், தாட்சாயணி நகர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப வேணாம்னு சொல்லிடவாடி?" என்று அக்கா பயந்துபோய்க் கேட்டாள்.

"வேண்டாம்க்கா, ஒண்ணும் சொல்லாத" என்றாள் அவள். "அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன். நீயும் மாமாவும் வந்துடாதீங்க."